சைவ வீட்டுப் பிள்ளைக்கும் வரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் நலவாழ்வுப் பக்கத்தில், "பன்றிக்கறி சாப்பிடாத வீடுகளுக்கு மூளைப்பூச்சி பயமே வேண்டாம்" என்று படித்தேன். என் பேத்தி பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொட்டதில்லை. அவள் மூளைக்குள் நாடாப்புழுவின் நீர்க்கட்டி எப்படிப் போனது என்று உங்கள் கட்டுரையாளர் சொன்னால் தெரிந்துகொள்வேன்.

ஒன்றாம் வகுப்பு படிக்கையில் ஒரு நாள் காலை, அவள் கையிலிருந்த டம்ளர் நழுவிப் பால் மடியில் கொட்டியது. வலது கையைத் தூக்க முடியவில்லை. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறியது. பக்கத்து கிளினிக்கில், "சின்னப் பிள்ளைக்கு ஏது பக்கவாதம்?" என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள். உறவில் ஒருத்தி வேப்பிலை அடிக்கச் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் தெரிந்தது: கட்டியைச் சுற்றிய அழற்சியில் ரத்தக்குழாய் சுருங்கி, மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தமே போகவில்லை. இந்த நோயில் வலிப்புதான் அதிகம், பக்கவாதம் அபூர்வம் என்றார் டாக்டர். அபூர்வம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது, என்ன செய்ய?

உங்களுக்குத் தெரியாததல்ல. சரியாக வேகாத பன்றிக்கறி தின்றால் குடலில்தான் நாடாப்புழு வளரும். அந்த மனிதரின் மலத்தில் வெளியேறும் முட்டை, கழுவாத கையிலோ கீரையிலோ தண்ணீரிலோ ஒட்டி இன்னொருவர் வாய்க்குள்ளோ அவர் வாய்க்குள்ளேயோ போனால்தான் மூளையில் கட்டி. பன்றியைத் தொடாத நியூயார்க் யூதக் குடும்பங்களிலேயே இது வந்ததாக 1992-இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. அவ்வளவு தூரம் ஏன்? வேலூர் சி.எம்.சி.யில் பல வருடங்களாக இதை ஆராய்கிறார்கள். உங்கள் நிருபருக்கு பஸ் செலவு பெரிதாக ஆகாது.

நீங்களோ பெரிதாகப் பன்றிப் படம் போட்டீர்கள். போன வருடம் முட்டைகோஸ்மேல் பழியைப் போட்டீர்கள். அப்போதே விளக்கி எழுதினேன், போடவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வராததைப் பற்றி எழுதியதையும் போடவில்லை. ராசிபலனுக்கு மட்டும் நான்கு பக்கம் தவறுவதில்லை.

எல்லாவற்றையும்விட, "சந்தேகமிருந்தால் பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுங்கள்" என்ற வரிதான் வயிற்றைக் கலக்கியது. பள்ளியில் தரும் 400 மி.கி. அல்பெண்டசோல் குடற்புழுவுக்கு. மூளையில் கட்டி இருக்கும்போது அதே மருந்தை நாமாகக் கொடுத்தால், கட்டி சாகும்போது வீக்கம் கூடிப் பிள்ளைக்கு ஆபத்தாகலாம். பேத்திக்கு ஸ்டீராய்டும் சேர்த்து, ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் கொடுத்தார்கள். இன்றும் அவள் இடது கையால்தான் எழுதுகிறாள்.

அடுத்த இதழில் அந்த இரண்டு வரிகளுக்கும் ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். பிள்ளைக்குத் திடீரென்று கை கால் விழுந்தாலோ வாய் கோணினாலோ உடனே ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடம் இல்லையென்றால் ஒரு ராசியைச் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
ஆற்காடு