பெஞ்சில் இன்னொரு ஆள் வேண்டும்: யூட்டா வார்டுகளின் பிஷப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் லீஹை, சரடோகா ஸ்பிரிங்ஸ், ஈகிள் மவுண்டன் வட்டார வார்டுகளின் பிஷப்புகளுக்கும், ஆலோசகர்களுக்கும், ஸ்டேக் தலைவர்களுக்கும் வணக்கம்.

சின்னப் பையன்களை வளர்க்கும் தாய்மார் சார்பில் இதை எழுதுகிறோம். திருவிருந்துக் கூட்டத்தில் பிள்ளைகளைப் பயபக்தியோடு உட்காரப் பழக்குங்கள் என்று மேடையிலிருந்து வரும் அறிவுரை எங்களுக்குப் புதிதில்லை. பழக்கிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் ஒரு பெண், மூன்று பையன்கள், ஒரு பெஞ்சு, 60 நிமிடம் என்ற கணக்கு எவ்வளவு பழக்கினாலும் இடிக்கும். எங்களுக்குத் தேவை பெஞ்சின் மறுமுனையில் இன்னொரு பெரியவர். அதை ஏற்பாடு செய்வது உங்கள் கையில்தான் இருக்கிறது.

பொதுவில் வரும் மடல் என்பதால் வெளியாருக்காகச் சில வரிகள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில், அதாவது ஊரார் மோர்மன் என்று சொல்லும் சபையில், உள்ளூரில் சம்பளம் வாங்கும் போதகர் கிடையாது. வார்டு என்பது உள்ளூர்ச் சபை. பல வார்டுகள் சேர்ந்தால் ஸ்டேக். வார்டை நடத்தும் பிஷப் மற்றவர்களைப் போல வேலைக்குப் போகிற குடும்பஸ்தர். ஐந்து வருஷம் போல அந்தப் பொறுப்பைச் சுமப்பார். ஞாயிறு தோறும் அவரும் ஆலோசகர்கள் இருவரும் மேடையில் இருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கீழே அம்மாவோடு மட்டும் இருப்பார்கள். கூட்டம் 9 மணிக்கு என்றால், அதற்கு முன் வார்டு ஆலோசனைக் குழு இருக்கிற நாளில், விடியும்போதே அப்பா கிளம்பிவிடுவார். அத்தனை பையன்களையும் எழுப்பி, ஊட்டி, உடுத்தி, காரில் ஏற்றுவது ஒருத்தி வேலை.

உண்மையில் ஞாயிறு சனி இரவே தொடங்கிவிடுகிறது. வெள்ளைச் சட்டைகளைத் தேய்த்து மாட்ட வேண்டும், ஷூக்களை ஜோடி பார்த்து வாசலில் வைக்க வேண்டும். காலையில் தாமதமாவதற்குப் பாதிக் காரணம் காணாமல் போன ஒற்றை ஷூதான். டை என்றால் கிளிப் டை. கழுத்தைச் சுற்றிக் கட்டுகிற டையைப் பின்னால் நிற்கும் தம்பி பிடித்து இழுப்பான், அது விளையாட்டோடு முடியாது. காலை உணவு முட்டையோ ஓட்ஸோ, கிளம்புவதற்கு முக்கால் மணி முன்பே. வெறும் சர்க்கரைச் சீரியல் கொடுத்தால் முதல் பாட்டு முடியுமுன் பசி என்று ஆரம்பிப்பான்.

அடுத்தது பை. இதைப் பற்றி அதிகமாகவே சொல்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள். மேடையிலிருந்து பார்த்தால் இது தெரியாது. சீரியோஸ் என்ற தானிய வளையங்களை ஜிப் பையில் போட்டால் கூடமே கேட்கும்படி சரசரக்கும், அதனால் ரப்பர் மூடி போட்ட சின்ன டப்பா. கோல்ட்ஃபிஷ் பிஸ்கட் பெஞ்சு மெத்தையில் ஆரஞ்சுப் பொடியாக அப்பிக்கொள்ளும். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்க வேண்டும். முழுதாக விழுங்கினால் தொண்டையை அடைக்கும். மார்க்கர் கூடாது, வெள்ளைச் சட்டை. உருண்டைக் கிரயான் உருண்டு முன் பெஞ்சுக்கு அடியில் போகும், அதைத் தேடிப் பையனும் போவான். முக்கோணக் கிரயான் விழுந்த இடத்திலேயே கிடக்கும். துணிப் புத்தகத்தின் பட்டன்களை இரட்டை நூல் போட்டுத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று வாய்க்குள் போகும். பைப் கிளீனர் நாலு வயதுப் பையனைப் பத்து நிமிடம் கட்டிப்போடும், ஆனால் கம்பி முனைகளை மடித்துவிட வேண்டும். பொம்மைக் கார் கார்ப்பெட் போட்ட கூடத்தில் சரி. இடம் இல்லாமல் பின்னால் கூடைப்பந்து மைதானத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மரத்தரையில் அது போடும் சத்தத்தில் பேச்சாளரே நிமிர்ந்து பார்ப்பார். இந்தப் பை வாரத்தில் ஆறு நாளும் அலமாரியில் பூட்டியிருக்க வேண்டும். புதன்கிழமை கையில் கிடைத்த பொம்மைக்கு ஞாயிற்றுக்கிழமை மவுசு இருக்காது.

முதல் 20, 25 நிமிடம் பையைத் திறக்க முடியாது. பாட்டு, ஜெபம், வார்டு அறிவிப்புகள், திருவிருந்துப் பாட்டு, பிறகு அப்பம், பிறகு தண்ணீர். இரண்டு வயதுப் பையனுக்கு அப்பம் என்றால் தின்பண்டம். ஒன்றை வாயில் போட்டவுடன் அடுத்த கை தட்டுக்குப் போகும். அதனால் தட்டின் கைப்பிடியை அம்மா பிடிக்க வேண்டும், இன்னொரு கையால் அவன் கையைப் பிடிக்க வேண்டும், மடியில் கைக்குழந்தை, பக்கத்தில் ஐந்து வயதுக்காரன் தண்ணீர்க் கிண்ணத்தைப் பல்லால் கடித்துப் பார்க்கிறான். மூத்தவன் உதவுவானே என்பீர்கள். 12 வயது நிறையும் ஆண்டின் ஜனவரியிலேயே அவன் டீக்கன், அதாவது திருவிருந்தைப் பரிமாறும் பையன், ஆகிவிடுகிறான். தட்டை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போய்விடுகிறான். பெருமைதான். ஆனால் சரியாக அந்த 20 நிமிடத்துக்குத்தான் அந்தக் கை பெஞ்சில் தேவைப்படுகிறது.

பேச்சுகள் தொடங்கியதும் பையைத் திறந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு பொருள் என்று ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டினால் ஐந்து நிமிடத்தில் காலி. 35-வது நிமிடம் போல யாராவது ஒருவன் உடைவான். அப்போது வெளிக்கூடத்துக்குத் தூக்கிப்போனாலும் அங்கே மடியை விட்டு இறக்கக் கூடாது. சோபாவைச் சுற்றி ஓடவிட்டால், கத்தினால் ஓடலாம் என்று பையன் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்வான். மடியில் சும்மா வைத்து, ஸ்பீக்கரில் வரும் பேச்சைக் கேட்டு, அடங்கியதும் உள்ளே திரும்ப வேண்டும். அனுபவமுள்ள தாய்மார் எல்லாருக்கும் இது தெரியும். சிக்கல் என்னவென்றால், ஒருவனைத் தூக்கி வெளியே போகும்போது மற்ற இருவரை யார் பார்ப்பது? அதனால் மூவரையும் இழுத்துக்கொண்டு போகிறோம், மூவரும் ஓடுகிறார்கள், சொல்லிக்கொடுத்தது அத்தனையும் போச்சு.

எனவே கேட்பது இது. கணவர் மேடையில் இருக்கும் வீடுகள், கணவர் வேலைக்குப் போகும் வீடுகள், கணவர் சபைக்கு வராத வீடுகள், தனித்து வளர்க்கும் தாய்மார் வீடுகள் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெஞ்சுத் துணையை நியமியுங்கள். பிள்ளைகள் வளர்ந்து போய்விட்ட தம்பதியாக இருந்தால் நல்லது. வாரம் ஒருவர் மாறி வந்தால் பிரயோசனமில்லை. முகம் பழகவே ஒரு மாதம் ஆகும், குறைந்தது ஆறு மாதம் அதே ஆள் வேண்டும். பெஞ்சின் ஒரு முனையில் அவர், மறுமுனையில் அம்மா, நடுவில் பையன்கள். அழுகிறவனையும் கழிவறைக்குப் போகிறவனையும் அம்மாவே கூட்டிப்போவார். துணை எல்லார் கண்ணெதிரிலும் பெஞ்சிலேயே இருப்பார். பிள்ளைகளோடு பொறுப்பில் இருப்பவர்கள் 2019 முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் பாதுகாப்புப் பயிற்சியை இவர்களும் எடுக்கட்டும்.

மேடையிலும் ஒன்று செய்யலாம். திருவிருந்து முடிந்தபின் தலைமை வகிப்பவரும் நடத்துபவரும் இருந்தால் போதும். மூன்றாமவர் இறங்கி வந்து தன் வீட்டுப் பெஞ்சில் உட்காரட்டும்.

நேரம் பற்றியும் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019 ஜனவரியில் ஞாயிற்றுக் கூட்டங்கள் மூன்று மணி நேரத்திலிருந்து இரண்டாகக் குறைந்தபோது எங்களைவிட மகிழ்ந்தவர் யாரும் இல்லை. 60 நிமிடம் கூட்டம், 10 நிமிடம் இடைவெளி, 50 நிமிடம் வகுப்பு. அந்தப் பத்து நிமிடத்தில் ஒருவனுக்கு டயபர் மாற்றி நர்சரி என்ற மழலையர் அறையில் விட்டு, ஒருவனைப் பிரைமரி என்ற சிறுவர் வகுப்பில் சேர்த்து, பல நேரம் அம்மாவே பாடம் எடுக்கும் அறைக்கு ஓட வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு உபவாச நாள். பேச்சாளர் பட்டியல் இல்லை, யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்லலாம், கூட்டம் சுலபமாக ஏழெட்டு நிமிடம் நீளும். அன்று நர்சரிப் பையன் அம்மாவிடமிருந்து பிய்த்து எடுக்கப்பட்டவனாகத்தான் உள்ளே போகிறான், 50 நிமிடத்தில் முப்பது அழுகை. 55-வது நிமிடத்தில் நடத்துபவர் எழுந்து நின்றால் தீர்ந்தது.

நர்சரியில் சேரும் வயது 18 மாதம். ஒரு வயதில் நடக்கத் தொடங்கும் பையன் அதுவரை எங்கே போவான்? ஆறு மாதம் அவனும் அம்மாவும் தாழ்வாரத்தில்தான் இருக்கிறார்கள். ரிலீஃப் சொசைட்டி என்ற பெண்கள் அமைப்பின் வகுப்பு ஒன்றைக்கூட முழுதாகக் கேட்காத பெண்கள் இருக்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் வகுப்பறை ஒன்றைத் திறந்து, மேஜையை வெளியே எடுத்து, ஒரு விரிப்பும், அடுக்க நாலு பெட்டிகளும் போடுங்கள். அந்த அறைக்குப் போவதில் அப்பாவுக்கும் முறை வைக்கலாம். டயபர் மாற்றும் பலகை பெண்கள் கழிவறையில் மட்டும் இருக்கும் கட்டடங்களில், ஆண்கள் பக்கமும் ஒன்று மாட்டுங்கள்.

ஜனவரி வந்தால் இன்னொரு குழப்பம். டிசம்பர் 31-க்குள் மூன்று வயதானவன் நர்சரியை விட்டு, பிரைமரியின் முதல் வகுப்பான சன்பீம் வகுப்புக்குப் போக வேண்டும். டிசம்பர் கடைசியில் பிறந்தவனும் அதே ஆண்டின் ஜனவரியில் பிறந்தவனும் ஒரே வகுப்பு. இந்த வயதில் பதினோரு மாத வித்தியாசம் சாமானியமில்லை. பொம்மையும் தின்பண்டமும் இல்லாத அறை, 20 நிமிடம் பாட்டு, 20 நிமிடம் பாடம். டிசம்பரிலேயே இரண்டு மூன்று ஞாயிறு, பாட்டு நேரத்துக்கு மட்டும் நர்சரி ஆசிரியையோடு கூட்டிப்போய்க் காட்டினால் ஜனவரி அழுகை வெகுவாகக் குறையும். பாட்டு சொல்லிக்கொடுப்பவர் எழுந்து நின்று கை தட்டிப் பாடும் பாட்டை முதலில் வைத்தால் பையன்கள் நாற்காலியிலிருந்து விழுவது நிற்கும். 2026-இன் பாடம் பழைய ஏற்பாடு. தாவீது கோலியாத் வாரத்தில் வீட்டில் எது பறக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர்கள் கவணைக் கையில் செய்துகொடுத்து அனுப்பாமல் இருந்தால் புண்ணியமாகப் போகும்.

பையன்களை அடக்குவது தாய் ஒருத்தியின் கடமை என்று நினைப்பவர்களுக்கு யூட்டாவின் ஃபார்மிங்டன் ஊர் வரலாற்றை நினைவூட்டலாம். 1878-இல் அங்கே தெருவில் திரியும் பையன்களைப் பற்றிய கவலையில் பிஷப் தாய்மாரைக் கூட்டி அவர்கள் பொறுப்பை எடுத்துச் சொன்னார். அவர்களில் ஒருவரான ஆரேலியா ஸ்பென்சர் ராஜர்ஸ் அதோடு விடவில்லை. பையன்களுக்கென்று ஒரு அமைப்பே வேண்டும் என்று, சபைப் பெண்களை வழிநடத்திய எலைசா ஸ்னோவிடம் கேட்டார். அனுமதி வந்தது, பாட்டு நன்றாக அமைய வேண்டும் என்பதற்காகப் பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் 25 அன்று முதல் கூட்டம். உலகமெங்கும் இன்று நடக்கும் பிரைமரி அப்படி வந்தது. நாங்கள் கேட்பது அதைவிட மிகச் சிறியது.

பொறுப்புகள் பற்றி ஒன்று. கணவரை மேடைக்கு அழைத்த கையோடு மனைவியைப் பிரைமரித் தலைமைக்கு அழைக்காதீர்கள். அழைப்புக் கொடுக்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: வீட்டில் எட்டு வயதுக்குக் கீழே எத்தனை பேர், ஞாயிறன்று அவர்களோடு யார் உட்காருகிறார்கள்?

கடைசியாக, ஸ்டேக் தலைவர்களுக்கு. ஒரே கட்டடத்தை மூன்று வார்டுகள் பங்கிட்டு, ஜனவரியில் நேரம் மாற்றிக்கொள்வது எங்களுக்குத் தெரிந்ததுதான். புதுக் குடியிருப்புகளின் வார்டுகளில் நர்சரி நிரம்பி வழிகிறது. பழைய தெருக்களின் வார்டில் நர்சரியில் இரண்டு பேர். 1 மணிக் கூட்டம் முன்னதற்கு விழுந்தால், ஒரு வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைப் பகல் தூக்கம் போகும். தூங்காத பையன்கள் மாலையில் வீட்டையும், திங்கள் காலையில் பள்ளியையும் உண்டு இல்லை என்று பண்ணுவார்கள். சுழற்சி முறை நியாயம்தான், ஆனால் தொடர்ந்து இரண்டு வருடம் மதிய நேரம் அந்த வார்டுகளுக்கு வரக் கூடாது. அடுத்த ஆண்டு அட்டவணையைப் போடும் முன் ஒவ்வொரு வார்டிலும் நர்சரித் தலைவியிடம் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அவர்கள் அக்டோபரிலேயே தந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
சின்னப் பையன்களின் தாய்மார் சார்பில்