ரேகை பதியாத விரல்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு 76 வயது. ஐம்பது ஆண்டுகள் பீடி சுற்றிய விரல்கள். ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன. சென்ற மாதம் முதியோர் உதவித்தொகை கொடுக்க வந்தவரின் கருவியில், முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பத்து விரல்களையும் வைத்துப் பார்த்தார். ஒன்றும் பதியவில்லை. "அடுத்த மாதம் பார்ப்போம் பாட்டி" என்று அவர் பையை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆச்சி அந்த மாதம் இரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்கவே இல்லை.

2023இல் மாநில அரசு இத்தொகையை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக்கியபோது மனமார மகிழ்ந்தவள் நான். மத்திய அரசின் பங்கோ 79 வயது வரை மாதம் 200 ரூபாய்தான். 2007 முதல் அதே 200! இது நியாயமே இல்லை.

2025 ஆகஸ்டில் 70 வயது கடந்தவர்களின் வீட்டு வாசலுக்கே ரேஷன் அரிசி கொண்டுவரும் திட்டம் தொடங்கியது. அதே அக்கறையோடு, ரேகை பதியாதவர்களுக்குக் கண்விழிப் பதிவின் மூலமோ, கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் கையொப்பம் பெற்றோ பணம் கொடுக்கக் கூடாதா? அதிகாரிகள் உடனே உத்தரவிட வேண்டும். ஆச்சி தினமும் இரவில் விரல்களில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அடுத்த மாதத்துக்காகக் காத்திருக்கிறார்.

- ஓய்வுபெற்ற ஆசிரியை, தென்காசி மாவட்டம்