கண்ணாடி இல்லாமல் பேப்பர் வாசிக்கும் அப்பா

ஆசிரியர் அவர்கட்கு,

அறுபது கடந்தவர் ஒருநாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேப்பர் வாசித்தால், "அப்பாவுக்கு வெள்ளெழுத்துப் போய்விட்டது" என்று வீடே மகிழ்கிறது. அப்படி மகிழும் வீட்டார் அவரைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிவர வேண்டும். அது பெரும்பாலும் கண்புரையின் தொடக்கம். கருமணிக்குப் பின்னாலுள்ள வில்லையின் நடுப்பகுதி வயதோடு இறுகி மஞ்சளிக்கும்போது ஒளியைக் கூடுதலாக முறிக்கிறது. கிட்டத்து எழுத்துத் துலங்கும். தூரத்தே வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகை மங்கும். கிட்டத்துத் தெளிவும் நிலைக்காது. கண்ணாடி நம்பர் அடிக்கடி மாறினாலும் இதையே சந்தேகியுங்கள். சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் நம்பர் மாறும் என்பதால் இரத்தத்தையும் சோதிப்பது நல்லது.

புரை வில்லையின் பின்புறத்தில் படர்ந்தால் கதை வேறு. நிலாவெளி மணலில் நண்பகல் வெயிலுக்குக் கருமணி சுருங்கும்போது, ஒளி போகும் வழியிலேயே புரை நிற்கும். அதனால் வெயிலில் தெரியாதது மாலையில் தெரியும். முட்டு வருத்தத்துக்கு நெடுநாள் ஸ்டீரொயிட் குளிசை எடுப்பவர்களுக்கு இது சில மாதங்களிலேயே முற்றக்கூடும்.

கச்சான் காற்றின் மேல் பழியைப் போட்டுக் காலம் கடத்துவோர் இங்கே அதிகம். கண் உலர்ந்து வரும் மங்கல் இமைத்தால் சற்றுத் தெளியும். புரையின் மங்கல் எத்தனை முறை இமைத்தாலும் அப்படியே இருக்கும்.

வீட்டில் பார்ப்பதானால் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பாருங்கள். இரண்டையும் திறந்து பார்த்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். வெள்ளைச் சாரம் ஒரு கண்ணுக்கு மட்டும் பழுப்பாகத் தெரிகிறதா? ஒரு கண்ணைப் பொத்தியும் நிலவு இரண்டாகத் தெரிகிறதா? அப்படியானால் வில்லையைச் சோதிக்க வேண்டும். எந்தக் கண்ணைப் பொத்தினாலும் இரட்டை மறைந்துவிடுகிறது என்றால், அது கண்ணை அசைக்கும் தசை அல்லது நரம்புச் சிக்கல், தாமதிக்கவே கூடாது. வலி, சிவப்பு, திடீர்ப் பார்வையிழப்பு ஆகியவையும் தொடக்கப் புரையின் குணங்கள் அல்ல. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து கிடையாது. தேன் விடுவதால் கிருமிதான் சேரும். "முற்றட்டும், பிறகு வெட்டலாம்" என்பது பழைய காலத்துப் பேச்சு. இன்று 3 மில்லிமீற்றருக்கும் குறைந்த துளை வழியே வில்லையை உடைத்து உறிஞ்சிவிட்டுச் செயற்கை வில்லை வைக்கிறார்கள். முற்றி இறுகியதை உடைப்பதுதான் கடினம். அளவுக்கு மீறி முற்றினால் கசிந்து கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

கிளினிக்குக்கு வரும்போது பழைய கண்ணாடியையும் குளிசைத் துண்டையும் கொண்டுவாருங்கள். கருமணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணிநேரம் கண் கூசும். மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, துணைக்கு ஒருவருடன் வாருங்கள்.

கண் மருத்துவப் பிரிவில் பணிபுரிவோர்,
திருகோணமலை.