வலியைப் பற்றி, தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

மலாவிக்கு விசா வந்துவிட்டது என்று நீ சொன்னபோது சந்தோஷப்பட்டேன். ஃபோனை வைக்கப் போகிற நேரத்தில் கேட்டாய் பார், "அக்கா, விசுவாசம் முழுசா இல்லாதவன் ஊழியத்துக்குப் போகலாமா?" என்று. எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மாவின் கடைசி மூன்று மாதங்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் நாம் இருவரும். ஜெபத்தில் உட்கார்ந்தால் உனக்கு என்ன கேள்வி வருகிறதோ, அதேதான் எனக்கும் வருகிறது.

போன வாரம் கொல்லிமலைக்குப் போய் வந்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ் திரும்பத் திரும்ப, உன் கேள்விதான் மனதில். ரோடே இல்லாத காலத்தில் அந்த மலைமேல் குடியேறிய மிஷனரிகள் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவ்லினும். 1913இல் கல்யாணம் ஆன கையோடு லண்டன் பெண் ஒருத்தி அங்கே குடித்தனம் நடத்த வந்தாள் என்பதை நினைத்துப் பார். அடுத்த வருஷம் அவர்களுக்கு மகன் பால் பிறந்தார்.

ஒன்பது வயதில் பாலையும் தங்கையையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். 1929இல், மலேரியாவோடு வரும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்துபோனார். வயது 44. மகனுக்குத் தந்தி முதலில் போய்விட்டது. அப்பா ஏற்கெனவே எழுதிப் போட்டிருந்த கடிதங்கள் கப்பலில் மெதுவாகப் போய், அதற்கப்புறமும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. ஊழியத்தின் விலையை வீட்டில் இருக்கும் பிள்ளைகளும் சேர்ந்து கொடுக்கிறார்கள். சாட்சி சொல்லும் மேடைகளில் இதை யாராவது பேசினால் நன்றாக இருக்கும். நீ போவதற்கு முன் இதை உனக்குச் சொல்லாமல் இருக்க எனக்கு மனமில்லை.

அந்தப் பையன் முதலில் கட்டட வேலை கற்றார், அப்புறம்தான் மருத்துவம். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அறுவை சிகிச்சை நிபுணராக வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிப்போன விரல்களுள்ள நோயாளி ஒருவரிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னாராம். பிடி இரும்பு மாதிரி இருந்திருக்கிறது. உணர்வு போன கையில் இவ்வளவு பலமா? அங்கே ஆரம்பித்தது எல்லாம். தொழுநோயில் சதை தானாக அழுகி விரல் விழுகிறது என்றுதான் அதுவரை நம்பினார்கள். நோய் நரம்பைக் கெடுக்கிறது, நரம்பு கெட்டால் வலி தெரிவதில்லை, வலி தெரியாதவன் சூடான பாத்திரத்தை வெறுங்கையால் எடுக்கிறான், புண்ணான காலோடே மைல் கணக்கில் நடக்கிறான். தூங்கும்போது எலி கடித்தாலும் எழுந்திருப்பதில்லை என்று கண்டுபிடித்து, அவர்களுக்குப் பூனை கொடுத்தார்கள்.

நல்ல தசையின் தசைநாணைச் செயலிழந்த விரலுக்கு மாற்றித் தைத்தார்கள். தைத்தால் மட்டும் போதாது, மூளை அந்தத் தசைக்குப் புது வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். இதைப் பிசியோதெரபிஸ்டான உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சரியான கையோடு வெளியே போனவர்களில் சிலர் திரும்பி வந்து, இந்தக் கைக்கு யாரும் பிச்சை போடுவதில்லை, வேலையும் தருவதில்லை என்று முறையிட்டார்கள். அதனால்தான் வேலூரில் அவர்களுக்காக ஒரு குடியிருப்பு அமைத்துத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள்.

ஒரு நாள் இங்கிலாந்தில் நீண்ட ரயில் பயணம் முடிந்து காலுறையைக் கழற்றியபோது பாலுக்குக் குதிகாலில் உணர்வே இல்லை. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தனக்கும் தொழுநோய் என்று முடிவுகட்டி ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தார். விடிந்ததும் மறுபடி குத்தினார். சுரீரென்று வலித்தது. உட்கார்ந்தே வந்ததில் நரம்பு மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். வலியைக் கொடுத்ததற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லப் பழகிக்கொண்டார்.

எனக்கு இதை முழுசாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை, தம்பி. கைக்குச் சூடு தெரிவது வரம், சரி. அம்மாவுக்கு வந்த வலி எதை எச்சரித்தது? எதைக் காப்பாற்றியது? அதற்காக நான் நன்றி சொல்ல மாட்டேன், சொல்லச் சொல்லி உன்னையும் கேட்க மாட்டேன். ஒரு அவயவம் பாடுபட்டால் மற்ற அவயவங்களும் பாடுபடும் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார் இல்லையா, அதை மட்டும் இப்போது வேறு மாதிரி படிக்கிறேன். அம்மா முனகினபோது நீ வராந்தாவில் போய் நின்று அழுதாய். விசுவாசம் குறைந்ததால் அழுகிறாய் என்று அன்றைக்கு நினைத்தேன். மரத்துப்போகாத உறுப்புக்குத்தான் வலிக்கும் என்று இன்றைக்குத் தெரிகிறது. போகலாமா என்று கேட்டாயே. போ. கேள்விகளையும் எடுத்துக்கொண்டு போ.

கொல்லிமலையில் வாழவந்தியில் ஜெஸ்ஸி, எவ்லின் கல்லறைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். எழுபதை நெருங்கியபோது மிஷன் எவ்லினுக்கு ஓய்வு கொடுத்தது. அவர் ஊருக்குத் திரும்பாமல் தன் பொறுப்பில் மறுபடி மலையேறிவிட்டார். குதிரையில் மலை மலையாகச் சுற்றி, 1974இல் 95 வயதில் இறந்தார். கணவர் போய் 45 வருஷம் கழித்து அவர் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

போனதும் எழுது. வாட்ஸ்அப்பில் "நலம்" என்று ஒரு வார்த்தை அனுப்பினால் எனக்குப் போதாது. ஜெஸ்ஸி மகனுக்கு எழுதியது மாதிரி, அங்கே என்ன மரம், என்ன பறவை, மழை எப்படி வருகிறது என்று எழுது.

அன்புடன்,
அக்கா