பொத்தான்களைத் திருப்பிக் கொடுங்கள்: கார் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் எது இருக்க வேண்டும், எது வேண்டாம் என்று முடிவெடுக்கும் கார் நிறுவனப் பொறியாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம். நான் கேட்பது ஒன்றுதான். வண்டி ஓடும்போது சட்டென்று தேவைப்படும் வசதிகளுக்கெல்லாம், தொடுதிரைக்குப் பதிலாக, கண்ணால் தேடாமல் கை தானாகப் போய்த் தொடக்கூடிய பொத்தானோ திருகோ வையுங்கள். பணிவாகத்தான் கேட்கிறேன். கோபம் இல்லை என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம்.

போன வாரம் நெடுஞ்சாலையில் அடைமழை. முன்கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிய ஆரம்பித்தது. என் பழைய காரில் இதற்கென்றே ஒரு பொத்தான் இருந்தது. கையை நீட்டினால் விரல் நேராக அதன் மேல் போய் நிற்கும். இந்தக் காரில், ஆவியைப் போக்கும் டிஃபாகர் என்பது தொடுதிரையில் ஒரு சின்னப் படம். சரி, அதற்கும் பழகியிருந்தேன். ஆனால் அண்மையில் வந்த மென்பொருள் அப்டேட் அந்தப் படத்தை ஏசி பக்கத்துக்குள் இன்னொரு அடுக்கில் கொண்டுபோய் வைத்துவிட்டது. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மங்கிக்கொண்டே வருகிறது, நானோ திரையில் தேடிக்கொண்டிருக்கிறேன். வண்டி ஒரு குலுக்கு குலுக்கியதும் விரல் நழுவிப் பாட்டுதான் மாறியது. பக்கத்தில் இருந்த என் மனைவி துப்பட்டாவால் கண்ணாடியைத் துடைத்ததால் பாதை தெரிந்தது. அவர் இல்லாமல் தனியாகப் போயிருந்தால்?

இந்த ஆபத்து உங்களுக்குத் தெரியாததல்ல. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது: ஓட்டுநர் ஒரு தடவை சாலையிலிருந்து கண்ணை எடுத்தால் 2 நொடிக்கு மேல் போகக் கூடாது, ஒரு வேலைக்கு மொத்தம் 12 நொடி. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 2 நொடியிலேயே வண்டி 55 மீட்டர் ஓடிவிடும். ஸ்வீடனின் 'வி பிலேகாரே' இதழ் 2022இல் ஒரு சோதனை நடத்தியது. 110 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு சாதாரண வேலைகளைச் செய்து முடிக்க, பொத்தான்கள் உள்ள 2005ஆம் ஆண்டு வோல்வோவில் 10 நொடி போதுமாக இருந்தது. சோதனையில் கடைசி இடம் பிடித்த புதிய காரில் 44.6 நொடி! அதற்குள் அந்தக் கார் 1,372 மீட்டர் போயிருந்தது.

திருகுக்கு விளிம்பு உண்டு, திருப்பும்போது 'டிக்' என்று நிற்கும், விரலுக்கே தெரியும். வழுவழுப்பான கண்ணாடியில் எங்கே தொட்டோம் என்று கண்தான் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கு, தூரத்துச் சாலையிலிருந்து பக்கத்துத் திரைக்குப் பார்வை மாறித் தெளிவதற்கே நேரம் பிடிக்கும். என் அப்பா இப்போதெல்லாம் மழை நாளில் வண்டியை எடுப்பதில்லை. ஓட்டத் தெரியாமல் இல்லை, அந்தத் திரையோடு மல்லுக்கட்ட முடியவில்லை.

குரலால் சொல்லலாமே என்பீர்கள். குரல் கட்டளை முடிந்த பிறகும் கவனம் முழுதாகத் திரும்ப 27 நொடி வரை ஆகலாம் என்று யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இலேயே காட்டிவிட்டார்கள்.

அப்புறம், வண்டியைக் கிளப்பியதும் வரும் அந்த எச்சரிக்கை. 'ஓட்டும்போது திரையில் கவனம் செலுத்தாதீர்கள்' என்று திரையே சொல்கிறது, நாங்கள் ஒப்புக்கொள்கிறோம் என்று அழுத்த வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் அந்தத் திரைக்குள் வைத்தது யார்? விபத்து நடந்தால் பொறுப்பு எங்கள் தலையில், வடிவமைப்பு மட்டும் உங்கள் விருப்பப்படியா? 2017இல் தொடுதிரையால் இயக்கப்பட்ட ஜான் மெக்கெய்ன் என்ற போர்க்கப்பல் மோதி 10 மாலுமிகள் இறந்த பிறகு, அமெரிக்கக் கடற்படையே தொடுதிரையை விட்டுவிட்டுக் கையால் தள்ளும் வேகக் கட்டுப்பாட்டுக்குத் திரும்ப முடிவு செய்தது. பயிற்சி பெற்றவர்களுக்கே அந்த நிலை.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனிக் கட்டுப்பாடு இருந்தால்தான் முழு மதிப்பெண் என்கிறது. நல்லது. ஆனால் அந்த ஐந்தில் டிஃபாகர் இல்லை. அதையும் ஏசி வெப்பநிலையையும் நீங்களாகவே சேர்த்து, அவற்றுக்குப் பொத்தான் கொடுங்கள். ஏற்கெனவே விற்றுவிட்ட கார்களில், டிஃபாகர் படத்தை முதல் திரையிலேயே நிலையாக வையுங்கள். எந்த அப்டேட்டும் அதை இடம் மாற்ற வேண்டாம். தயவுசெய்து அடுத்த மழைக்காலத்துக்குள் இதைச் செய்து தாருங்கள்.

இப்படிக்கு,
தினமும் கார் ஓட்டும் ஒருவன்