முரட்டுப் பையனின் புருவம்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய படக்கதையை அம்மாவும் நானும் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். அம்மாவுக்குக் கிணற்றடி ஆடு ரொம்பப் பிடித்துவிட்டது. கதையில் அதற்கு வேலை இல்லைதான், ஆனாலும் எடுத்துவிடாதே என்கிறாள். டிராயிங் மாஸ்டராகவே காலத்தை ஓட்டியவன் என்பதால் எனக்குப் பட்டதையும் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா" என்று முடித்துவிடுவாய்.

ஒடிசாவிலிருந்து சூளை வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளையைக் கேலி செய்கிறானே, அந்த முரட்டுப் பையன். அவனுக்கு மட்டும் ஏன் தடித்த புருவம், கறுத்த முகம், கோணல் பல்? கெட்டவன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று உன் பிரஷ் தனியாக ஒரு பாடம் நடத்துகிறது. அதே நிறத்தோடும் அதே பல்லோடும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்ன நினைக்கும்? அரக்கனுக்குக் கரி, தேவனுக்குச் சந்தனம் என்பது நம் படப்புத்தகங்களின் பழைய வியாதி.

பகவதி கோயில் கூத்துமாடத்தில் தோல்பாவைக்கூத்து பார்த்திருக்கிறாய், பாதி நேரம் என் மடியில் தூக்கம். 21 விளக்கு வெளிச்சத்தில் திரைக்குப் பின்னால் மான்தோல் பாவைகள் ஆடும். மலையாளக் கோயிலில் கம்பன் பாட்டு கேட்கும். ராமனுக்கும் ராவணனுக்கும் ஒரே உளிதான், நகைநட்டில்கூட ஒரே பொடித்துளை வேலை. புலவர்கள் ஒரு பாட்டைப் பாடிவிட்டு விளக்கம் சொல்லிக்கொண்டே போவார்கள். ராவணன் பக்கத்து ஆளும் தன் நியாயத்தைப் பேசுவான். தாரிகன் என்ற அரக்கனோடு போரில் இருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்கத் தவறிய பத்ரகாளிக்காக நடப்பது அது. எதிரே ஆளே இல்லாவிட்டாலும் கூத்து நிற்காது. புத்தகம் எத்தனை பிரதி போகும் என்று கவலைப்படுகிறாயே, அதற்காகவும் சொன்னேன்.

கடைசிப் பக்கத்தில் "எல்லோரும் சமம், அன்பாக இருப்போம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாய். பதிப்பகத்தார் கேட்டிருப்பார்கள். முடிந்தால் எடுத்துவிடு. ஒருமுறை நாலாங்கிளாஸில் ஒரு படம் போட்டேன்: மரத்தடியில் ஒரு பையன் தனியாக உட்கார்ந்திருக்கிறான், எதிரே நாலு பேர் கூடிச் சாப்பிடுகிறார்கள். "இவன் எதைப் பார்க்கிறான்?" என்று மட்டும் கேட்டேன். ஒருத்தன் "டிபன்ல முட்டை இருக்கான்னு பாக்கறான் சார்" என்றான், வகுப்பே சிரித்தது. வீட்டில் தெலுங்கு பேசும் பெண்பிள்ளை ஒருத்தி எழுந்து, "அவங்க பேசறது அவனுக்கு வெளங்கல சார், வாயைப் பாத்துட்டிருக்கான்" என்றாள். நான் முட்டையையும் வாயையும் யோசித்தே வரையவில்லை. அவளுக்கு அது தெரிந்திருந்தது. அதற்குமேல் நான் விளக்கம் சொல்லியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

படக்கதை படித்து யாராவது மாறியிருக்கிறார்களா என்று கேட்டிருந்தாய். அமெரிக்காவில் மாண்ட்கோமரி என்ற ஊரில், பஸ்ஸில் வெள்ளையருக்குத் தனி இடம் என்பதை எதிர்த்துக் கறுப்பின மக்கள் நடத்திய பஸ் புறக்கணிப்பைப் பற்றி 1957இல் ஒரு படக்கதை வந்தது. மொத்தம் 16 பக்கம், விலை 10 சென்ட். அதைப் படித்த இளைஞர்களில் ஒருவர் ஜான் லூயிஸ். பிற்பாடு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகி, 2013 முதல் தன் வாழ்க்கையையே மூன்று பாகப் படக்கதையாகக் கொண்டுவந்தார். அந்தச் சின்னப் புத்தகம் அன்பாக இரு என்பதோடு நிறுத்தவில்லை. அகிம்சையை எப்படிக் கடைப்பிடிப்பது என்று செய்முறையும் சொன்னது. அந்த ஊர் மக்களும் நாற்காலிகளை பஸ் சீட் மாதிரி வரிசையாகப் போட்டு, திட்டு வாங்கினால் எப்படி நடந்துகொள்வது என்று நடித்துப் பழகினார்கள்.

உன் கதையில் கேலி நடக்கும்போது பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாள், கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. அவள் என்ன செய்வாள், அம்மிணி? அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைப்பாளா, டீச்சரிடம் ஓடுவாளா, கேலி செய்கிறவன் சொந்த அண்ணனாக இருந்தால்? அவளுக்கு இன்னும் இரண்டு பக்கம் கொடு. படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் நிற்கும் இடத்தில்தான் நிற்பார்கள்.

ஓணம் லீவுக்கு வரும்போது கலர் பிரிண்ட் ஒன்று போட்டுக்கொண்டு வா. நம் பள்ளிக்கூடத்து நாலாங்கிளாஸில் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். நீ பின்பெஞ்சில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் கேள்.

அன்புடன்,
அப்பா