கண் பரிசோதகர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை அஞ்சலில் போகும். பிரித்துப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. அக்டோபர் இரண்டாம் வியாழன், உலகப் பார்வை தினத்தன்று இலவச முகாம் நடத்தினோம். காண்டாக்ட் லென்ஸ் பற்றி ஒரு சொற்பொழிவும் நடந்தது.

அப்புறம், ஹிஸ்டரி படிவம்: வருபவரின் தொந்தரவு, நோய், மருந்து விவரங்களைக் கேட்டு எழுத நாம் அச்சிட்டது. "ஹிஸ்டரி எடுக்க நமக்குத் தெரியாதா, அதற்கு ஒரு படிவமா?" என்று சென்ற பொதுக்குழுவில் சிலர் கேட்டார்கள். பதில் முகாமிலேயே கிடைத்துவிட்டது. அன்று நம்மவர்கள் எழுதிய சீட்டுகளைப் புரட்டினால் பலவற்றில் 'பார்வை மங்கல்' என்பதோடு சரி. ஒரு கண்ணிலா இரண்டிலுமா, தூரத்திலா கிட்டத்திலா, எப்போதிலிருந்து என்று எதுவும் இல்லை. சில ஆண்டுகளாக மெல்ல மங்கி வந்தால் அது புரையாக இருக்கலாம். மின்னல் வெட்டியது, பூச்சி பறந்தது, நேற்றிலிருந்து ஒரு ஓரம் திரை போட்டதுபோல் மறைக்கிறது என்றால் விழித்திரை விலகியிருக்கலாம். அவரைக் கண்ணாடி பவர் பார்க்க உட்காரவைத்து நேரம் கடத்தக் கூடாது, உடனே கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சீட்டில் இருவரும் 'பார்வை மங்கல்'தான்!

இரண்டாகத் தெரிகிறது என்பவரிடம், ஒரு கண்ணை மூடினால் அது போய்விடுகிறதா என்று கேட்க ஒரு வரி சேர்த்தோம். எந்தக் கண்ணை மூடினாலும் போய்விட்டால் கோளாறு இரு கண்களும் சேர்ந்து இயங்குவதில். ஒரு கண்ணால் பார்த்தாலும் இரண்டாகத் தெரிந்தால் பெரும்பாலும் அந்தக் கண்ணிலேயே. கண்ணாடி மாற்றிய சில வாரங்களிலேயே சரியில்லை என்று திரும்பி வருபவரிடம் சர்க்கரை பற்றிக் கேட்கவும் இடம் விட்டிருக்கிறோம். சர்க்கரை ஏறி இறங்கினால் பவரும் மாறும், கண்ணாடிக் கடையைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதிகம் சர்ச்சையானது மருந்துப் பகுதி. "மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்றால் "ஒன்றுமில்லை" என்பார்கள். மூச்சில் இழுக்கும் மருந்தும் தோலில் பூசும் களிம்பும் தாமாக வாங்கி விட்டுக்கொள்ளும் சொட்டும் அவர்கள் கணக்கில் மருந்தே அல்ல. ஸ்டீராய்டு சொட்டை விடாமல் போட்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் வரும். ஆஸ்துமா இருப்பதைக் கேட்காமல் விட்டால், கண் அழுத்தத்தைக் குறைக்கப் போடும் டிமோலால் சொட்டு மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடும். காசநோய்க்கான எத்தாம்பியுட்டால் பார்வை நரம்பைப் பாதிக்கலாம். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுபவரின் ஐரிஸ், அதாவது கண்மணியைச் சுற்றியுள்ள நிறப்படலம், புரை அறுவையின்போது தொய்ந்து தொல்லை தரும் என்பது 2005 முதலே தெரிந்த விஷயம். ஆகவே மாத்திரை, ஊசி, இழுப்பது, பூசுவது, சொட்டு என்று தனித்தனியாகக் கேட்டோம். அதனால்தான் படிவம் பின்பக்கத்துக்கும் போனது. பொருளாளரின் வருத்தத்துக்கும் அதுவே காரணம்.

சுண்ணாம்போ அமிலமோ கண்ணில் பட்டு வந்தவருக்கு மட்டும் படிவம் கிடையாது. முதலில் கழுவுங்கள், கேள்வியெல்லாம் பிறகு. இதைத் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம்.

படிவத்தை நிரப்பிப் பழக ஒரு பயிற்சி வகுப்பும் வைத்தோம். பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. வேலை இருந்திருக்கும், சரி; ஒரு தகவல் சொல்லியிருக்கலாம். வகுப்புக்கு வராதவர்கள்தான் படிவக் கட்டுகளை அதிகம் வாங்கிப் போனார்கள், சந்தா பாக்கிப் பட்டியலிலும் அவர்கள் பெயர்களே நிறைய. யார் என்று சொல்லப்போவதில்லை, பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது.

வரவு செலவு விவரத்தை அவர் வாசிப்பார். வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். அச்சுச் செலவு முழுவதும் நிர்வாகக் குழுவின் ஒப்புதலோடு செய்யப்பட்டது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

முகாமுக்கு இடம் தந்தவர்களுக்கும் கணக்கைத் தணிக்கை செய்தவருக்கும் துணைச் செயலாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு குழந்தைகளுக்குத் தனிப் படிவம் கொண்டுவர எண்ணம். குறைமாதப் பிறப்பா, எடை எவ்வளவு, வீட்டில் யாருக்காவது மாறுகண் உண்டா என்று கூட வருபவரிடம் கேட்க வேண்டியது தனி வேலை. வரைவு தயார், அச்சகத்துக்கு அனுப்பப் பணம்தான் இல்லை. என் பதவிக்காலமும் முடிகிறது. யாராவது முன்வந்தால் கோப்புகளை இன்றே ஒப்படைக்கிறேன். இல்லையென்றால் தொடர்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கூட்டம் முடிந்ததும் வாசலருகே மேசையில் பொருளாளர் இருப்பார், ரசீதுப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறார்.

செயலாளர்